பிரிட்ஜுக்கு அடியில்

தூக்கவில்லை. இன்னும் தூக்கவில்லை. காணிக்கைக் கவரிலிருந்து கத்தரித்த காகிதத் துண்டைப் பிரிட்ஜின் பின்விளிம்பில் வைத்துத் தள்ளிப் பார்க்கிறேன், உள்ளே போகவில்லை, மடங்குகிறது, மடங்கினால் நல்லது, போனால் அடியில் இடைவெளி விழுந்துவிட்டது என்று அர்த்தம். பிரிட்ஜ் என்றால் பெரிய விஷயமில்லை, கிட்டாரின் வயிற்றில் ஒட்டியிருக்கும் ஒரு கறுப்பு மரக்கட்டை, கம்பிகளெல்லாம் அதில் வந்துதான் முடிகின்றன, அதைப் பிடித்திருப்பது பசை மட்டும். சாதாரணக் கிட்டாருக்கு ஆறு கம்பி. இதற்குப் பன்னிரண்டு, இரண்டிரண்டாக ஆறு சோடி. பன்னிரண்டையும் முழு ஸ்ருதிக்கு ஏற்றினால் அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடித்த ஆள் இரவும் பகலும் தொங்குகிற இழுவை இருக்கும் என்று போனில் ஒருவன் சொன்னான். தடித்த ஆள் என்றதும் எனக்கு ஆசீர் அங்கிள் ஞாபகம் வந்துவிட்டது. அதிலிருந்து கம்பியை முறுக்குகிற சாவியைத் திருகும்போதெல்லாம் எங்கள் சபை மூப்பர் ஆசீர் அங்கிள் வெள்ளை முழுக்கைச் சட்டையோடு பிரிட்ஜில் தொங்குகிறார், காலை உதறுகிறார். சிரிப்பு வரவில்லை. இப்போது எல்லாக் கம்பியும் ஒரு முழு ஸ்வரம் கீழே நிற்கின்றன. அதை அரை அரையாக மேலே ஏற்ற வேண்டும், அவசரப்படக் கூடாது, எனக்கு அவசரப்படாமல் இருக்கத் தெரியாது. உள் அறையில், திரைக்கு அந்தப் பக்கம், பெனினா அக்கா உபவாசத்தில் இருக்கிறாள். முந்தாநேற்றிலிருந்து தண்ணீர் மட்டும். முனகுகிற சத்தம் வருகிறது, நிற்கிறது, வருகிறது, நிற்கும்போதெல்லாம் நானும் திருகுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன். அக்கா அடையாளம் கேட்டிருக்கிறாள். எங்கள் சபையில் அது பழக்கம், ஒரு காரியத்தில் ஆமாவா இல்லையா என்று தெரியாவிட்டால் ஆண்டவரிடம் அடையாளம் கேட்பார்கள், நாளை மழை பெய்தால் வீடு மாறலாம், போன் வந்தால் அந்த வேலைக்குப் போகலாம் என்று. அக்கா கேட்டது கிட்டாரை வைத்து. "இந்தத் தடவ கட்டினா நிக்கட்டும். நின்னா ஆண்டவர் என்ன மன்னிச்சிட்டாருன்னு எடுத்துக்குதேன். திரும்பப் பிஞ்சுதுன்னா ஒரிசா மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிருதேன்." இதை அவள் ஜெபத்தில் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அம்மா அப்பா இருவர் முன்னாலும் சாப்பாட்டு மேசையில், தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள். அப்பா, "உன் இஷ்டம்மா" என்றார். அப்பாதான் எங்கள் சபையின் பாஸ்டர், அடையாளம் கேட்கக் கூடாது என்று அவரே சொல்ல முடியாது. அம்மா என்னைப் பார்த்தாள், கிட்டாரை நான்தானே ஒட்டுகிறேன். ஆக, அக்காவின் கல்யாணம் என் பசையில் இருக்கிறது.

ஒரிசா மாப்பிள்ளை ஆசீர் அங்கிளின் தம்பி மகன். அங்கே ஊழியம் செய்கிறார். போட்டோவில் நெற்றி பாதித் தலை வரைக்கும் போயிருந்தது. கெட்டவர் என்று சொல்லமாட்டேன், நான் அவரைப் பார்த்ததே இல்லை, அக்காவும் பார்த்ததில்லை, அதுதான் என் பிரச்சினையே. அடிப்பக்கத்துத் தடிக்கம்பி, அரை ஏற்றியாகிவிட்டது. அதன் சோடி, அதே ஸ்வரம் ஒரு படி மேலே, மெல்லிசு, அதையும் ஏற்றியாகிவிட்டது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொள்கிறேன். இந்தக் கிட்டாருக்குள் பிக்கப் இருக்கிறது, பிரிட்ஜுக்கு மேலே வெள்ளைப் பட்டை இருக்கிறதே அதற்கு அடியில் ஒரு ஒல்லிப் பட்டி, மரம் என்ன பேசினாலும் அது கேட்டு ஒயரில் அனுப்பிவிடும். பிரிட்ஜ் பிய்ந்த அன்று அந்த ஒயரும் அறுந்தது, நான்தான் சால்டர் வைத்தேன், அந்த வேலையில் குறை சொல்ல முடியாது. சபையின் சின்ன ஒலி மிக்ஸரை வீட்டுக்குக் கொண்டுவந்து கிட்டாரை அதில் சொருகியிருக்கிறேன். இப்போது என் விரல் மரத்தில் உரசுவது யாரோ தெருவில் பெஞ்சு இழுக்கிற மாதிரி கேட்கிறது. மேலே ஃபேன் சுற்றுவது மேசை வழியாக வந்து கிட்டாருக்குள் இறங்கி என் காதில் உறுமுகிறது. என் மணிக்கட்டில் நாடி துடிப்பது கூடக் கேட்கிறது என்று நினைக்கிறேன், இல்லை, அது காதுக்குள்தான். மரம் பிளப்பதற்கு முன்னால் ஒரு 'டிக்' வரும். அந்த 'டிக்'குக்குத்தான் காத்திருக்கிறேன். வரக் கூடாது என்று காத்திருக்கிறேன். இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது. பரீட்சை ஹாலில் மணி அடிக்குமா அடிக்குமா என்று இருப்பேனே, அடிக்கக் கூடாது என்றும் சீக்கிரம் அடித்துத் தொலைக்கட்டும் என்றும். பிளஸ் ஒன்னோடு நான் பள்ளிக்கூடம் போவதை விட்டுவிட்டேன். காரணம் கேட்டால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எல்லோரும் வீட்டு வறுமை, டீச்சர் அடித்தார், உடம்பு சரியில்லை என்று ஏதாவது எதிர்பார்க்கிறார்கள். ஒன்றுமில்லை. உட்கார முடியவில்லை. "பாஸ்டர் மக பள்ளிக்கூடத்த விட்டுட்டுச் சால்டரிங் கம்பியப் புடிச்சிட்டு அலையுது" என்று ஆசீர் அங்கிள் ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். அடுத்த வாரமே அவர் மைக் கரகரத்தது. கூப்பிட்டார், போனேன், சரி பண்ணினேன். "கைராசிக்காரிதான் நீ" என்றார். கைராசியாம். ஒயர் அறுந்திருந்தது, ஒட்டினேன்.

பிரிட்ஜ் பிய்ந்த அன்றைக்கும் அவர் கையில் அந்த மைக்தான். மெதுவான பாட்டு போய்க்கொண்டிருந்தது. அக்கா வெள்ளைத் துப்பட்டாவை முக்காடு போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பன்னிரண்டு கம்பியையும் மேலிருந்து கீழே தடவுகிற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தாள். தகரக் கூரை முழுக்க அந்தச் சத்தம் சின்னச் சின்ன மணியாக விழும், சபையில் பிள்ளைகள் கூட அழாது. நான் பின்னால் மிக்ஸர் பக்கம். ஆசீர் அங்கிள் ஆவியில் நிறைந்து அந்நிய பாஷையில் கொஞ்சம் பேசிவிட்டுத் தமிழுக்கு வந்தார், "இந்தக் கூட்டத்துல மறைவான ஒரு காரியம் இருக்கு, அத ஆண்டவர் இன்னைக்கே வெளிய கொண்டுவரப் போறாரு" என்றார், என்றவுடனே டமார். ஸ்பீக்கர் வழியாக. குண்டு போட்ட மாதிரி. கிட்டார் ஒயரில் இருந்தால் மரம் பிய்வது மரம் பிய்கிற சத்தமாகக் கேட்காது, இடியாகத்தான் கேட்கும், அதை யாருக்கு விளக்குவது. ஒரு பெரியம்மா முழங்காலில் விழுந்தாள். அக்கா கண்ணைத் திறந்தபோது பிரிட்ஜ் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது, மெல்லிசுக் கம்பி ஒன்று அறுந்து அவள் கன்னத்தில் கோடு போட்டிருந்தது, நல்ல சிவப்பில், ஸ்கேல் வைத்த மாதிரி. எல்லோரும் அந்தக் கோட்டைத்தான் பார்த்தார்கள். நான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். ஒரு பிரிட்ஜ் ஒரே நாளில் பிய்வதில்லை. அதற்கு முன்னாலேயே ஸ்ருதி இறங்கிக்கொண்டேதான் இருந்தது, கம்பி பலகையை விட்டு மேலே எழும்பிக்கொண்டே வந்தது, அக்காவே விரல் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள், அது உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது, கடைசி இழை விட்ட நேரத்தில் ஆசீர் அங்கிள் வாயைத் திறந்திருந்தார். அவ்வளவுதான். ஆனால் அந்த வாரத்திலேயே அக்காவின் போனில் ரீகன் என்று ஒருவன் பேர் இருப்பது வெளியே வந்துவிட்டது. மறைவான காரியம். பொருந்திவிட்டது. அக்காவை மேடையிலிருந்தும், அப்பமும் ரசமும் தருகிற இராப்போஜனத்திலிருந்தும் நிறுத்திவைத்தார்கள். அறிவித்தது அப்பா. குரல் உடையாமல் அறிவித்தார், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே படுத்துக்கொண்டார்.

மூன்றாவது சோடி. இதில்தான் எனக்குப் பயம். இதன் மெல்லிசுக் கம்பி பன்னிரண்டிலேயே ஒல்லி, முடி மாதிரி, ஏற்ற ஏற்றக் கண்ணாடி கீறுகிற மாதிரி கத்தும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு திருகு. போன் திரையில் ஸ்ருதி காட்டுகிற முள் ஏறுகிறது, தள்ளாடுகிறது, பச்சைக்கு வருகிறது. காகிதம். போகவில்லை. சரி. ரீகன் கெட்டவனா என்றால் இல்லை. ஆர்.சி., கத்தோலிக்கன், அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்கு அது போதும். கிட்டாரே அவன் மூலமாக வந்ததுதான், அதுதான் அக்காவைத் தின்கிறது. அவன் மாமா ஒரு கச்சேரிக் குழு வைத்திருந்தார், மஸ்கட் போகும்போது எல்லாவற்றையும் விற்றார், பார்த்து வாங்க அக்காவும் நானும் போனோம். ரீகன் உறையிலிருந்து கிட்டாரை எடுத்துத் தூசியைத் தன் சட்டை நுனியால் துடைத்தான். "பன்னெண்டையும் நீங்களேவா டியூன் பண்ணுவீங்க?" என்று கேட்டான். அக்கா, "இல்ல, பக்கத்து வீட்டுக்காரவுகளக் கூப்பிட்டுக்குவோம், ஆளுக்கு ஒண்ணு" என்றாள். அவன் சிரித்த சிரிப்பில் உறை கீழே விழுந்தது. அக்கா அப்படிப் பேசுவாள். அப்போது பேசுவாள். இப்போது திரைக்குப் பின்னால் முனகுகிறவளும் அவளும் ஒரே ஆள் என்று என்னால் ஒட்ட முடியவில்லை. நேற்று அவள் வாயிலிருந்து ஒரு நாற்றம் வந்தது, சாப்பிடாதவர்கள் வாயில் வருமே, இரும்பு மாதிரி, நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன், அவள் பார்த்துவிட்டாள்.

எண்ணெய். அதைப் பற்றி நினைக்காமல் இருக்கலாம் என்று பார்க்கிறேன், முடியாது. எங்கள் சபைக்கு எந்தக் கருவி வந்தாலும் அப்பா ஜெபித்து அபிஷேக எண்ணெய் தொட்டு வைப்பார். கீபோர்டுக்கு ஒரு விரல், டிரம்ஸுக்கு ஒரு விரல், மிக்ஸருக்கு வைக்க வந்தபோது நான் கையைப் பிடித்து ஒயர் படாத ஓரமாகக் காட்டினேன். ஒலிவ எண்ணெய், சின்னப் பாட்டில். கிட்டார் வந்தபோது மட்டும் அப்பா விரலோடு நிறுத்தவில்லை. கச்சேரியில் வாசித்தது, கல்யாண வீட்டிலும் கோயில் கொடைவிழாவிலும் குடித்துவிட்டு ஆடுகிறவர்கள் முன்னாலும் வாசித்தது, இதைச் சுத்திகரிக்கணும் என்றார். "இதுக்கு நெஞ்சு எதும்மா?" என்று என்னைத்தான் கேட்டார். நான் பிரிட்ஜைக் காட்டினேன். எல்லாக் கம்பியும் அங்கேதானே கட்டியிருக்கிறது, நெஞ்சு என்றால் அதுதானே. அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார். நிதானமாக, அன்பாக, பாட்டில் காலியாகிற வரைக்கும். அது பிரிட்ஜின் ஓரமாகத் தேங்கி நின்று, யாரும் துடைக்கவில்லை, அபிஷேக எண்ணெயை யார் துடைப்பார், சாயங்காலம் பார்த்தபோது காணோம். மரம் குடித்துவிட்டது. பிரிட்ஜ் பிய்ந்த அன்றைக்கு நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். வடை வைத்த பேப்பர் மாதிரி இருந்தது. பழுப்பாக, பளபளப்பாக. மோந்து பார்த்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, முதலில் ஒரு சந்தோஷம்தான் வந்தது, அப்பாடா, காரணம் இருக்கிறது. அப்புறம் யாருடைய கை என்று யோசித்தேன். சந்தோஷம் போய்விட்டது. எண்ணெய் இருக்கிற மரத்தில் பசை பிடிக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், தின்னர் வைத்துத் துடைத்தேன், மறுபடி துடைத்தேன், துடைத்த துணியில் மஞ்சள் வந்துகொண்டே இருந்தது, ஒரு நாள் வெயிலில் வைத்தேன், காய்ந்த மாதிரி இருந்தது, மறுநாள் விரல் வைத்தால் வழுவழுப்பு. தூத்துக்குடி வெயிலில் மரம் வியர்க்கிறது, எண்ணெயாக வியர்க்கிறது. வேறு வழியில்லாமல் ஒட்டினேன். வெல்டிங் பட்டறையில் இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் இரவல் வாங்கி, சைக்கிள் டியூப் கட்டி, ஒட்டினேன். போல்ட் போட்டுவிடலாம் என்று அக்காவிடம் கேட்டுப்பார்த்தேன், உள்ளேயிருந்து இரண்டு போல்ட், பிறகு யார் தொங்கினாலும் வராது. "போல்ட் போட்டா அது அடையாளம் இல்லட்டி" என்றாள். "ஏமாத்தாமக் கட்டு." எண்ணெயைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை. அப்பா. அப்பாவின் கை. இந்தச் சபையில் பாதிப் பேர் அந்த எண்ணெயை நெற்றியில் வாங்கிக் காய்ச்சல் இறங்கியவர்கள், நானும்தான், சின்ன வயதில் எனக்கு வலிப்பு வந்தபோது அப்பா விரல் என் நெற்றியில் இருந்தது, எனக்கு ஞாபகம் இருக்கிறது, நான் நம்பாதவள் இல்லை. நெற்றி வேறு, மரம் வேறு. இதைச் சொன்னால் புரிந்துகொள்கிற மாதிரி சொல்ல எனக்கு வராது. நான் சொன்னால் சண்டையாகத்தான் வரும்.

இரண்டாவது சோடி, முதல் சோடி. ஏறியாகிவிட்டது. எல்லாம் அரை ஸ்வரம் கீழே நிற்கின்றன. இன்னும் அரை. பிரிட்ஜுக்குப் பின்னால் கிட்டாரின் வயிறு லேசாகப் புடைத்திருக்கிறது, உள்ளங்கையை வைத்தால் தெரிகிறது, அது சகஜம்தான், பன்னிரண்டு கம்பி என்றால் கொஞ்சம் புடைக்கும், எவ்வளவு புடைத்தால் சகஜம் என்று போனில் சொன்னவன் சொல்லவில்லை. இப்படியே நிறுத்திவிட்டு, இல்லை, பழையபடி ஒரு ஸ்வரம் இறக்கிவைத்துவிட்டு, இரண்டாவது கட்டத்தில் கேபோ மாட்டிவிட்டால் கேட்கிறவர்களுக்கு முழு ஸ்ருதியாகத்தான் கேட்கும். கேபோ என்பது கழுத்தில் மாட்டுகிற கிளிப், அவ்வளவுதான். பன்னிரண்டு கம்பிக்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்களாம். அது ஏமாற்று இல்லை. அக்காவுக்கு ஏமாற்று. வாங்கி மடியில் வைத்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் இன்னும் மோசம், ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று ஒரு கிளிப்பைப் பார்த்து அழுவாள், அதைப் பார்த்துக்கொண்டு நான் நிற்க வேண்டும். சரி, ஏற்று. தடிக்கம்பி. முள் பச்சை. அதன் சோடி. பச்சை. இரண்டாவது தடி. ஹெட்போனுக்கு வெளியே முனகல் நின்றுவிட்டது. தூங்குகிறாளா. மயங்கிவிட்டாளா. போய்ப் பார்க்கலாமா, பார்த்தால் "கட்டியாச்சா?" என்று கேட்பாள். சாவியைத் திருகுகிறேன். ஹெட்போனில் ஒரு சின்னச் சத்தம். விரல் நகம்தான் பட்டது. இல்லை, நான் விரலை எடுத்துவிட்டேன். மறுபடி. டிக். குருவி அரிசியைக் கொத்துகிற மாதிரி. நான் மூச்சு விடவில்லை. ஆசீர் அங்கிள் தொங்குகிறார், ஒரு கையை விட்டுவிட்டார். காகிதத்தை எடுக்கிறேன், வைக்கிறேன், தள்ளுகிறேன், போகிறது. போகிறது. நகக்கண் அளவுக்குப் போகிறது. உருவி நடுவில் வைத்துப் பார்க்கிறேன், அங்கேயும் போகிறது. உருவிப் பார்த்தால் காகிதத்தின் ஓரத்தில் மஞ்சளாக, கண்ணாடி மாதிரி, ஒரு கறை.

அவ்வளவுதான். தெரிந்ததுதான். ஒட்டும்போதே தெரியும், தெரிந்துகொண்டு ஒட்டினேன், ஏதோ நடக்கும் என்று ஒட்டினேன், பார்த்தால் நானும்தான் அடையாளம் கேட்டிருக்கிறேன். இப்படியே விட்டால் இன்றைக்கோ நாளைக்கோ பிய்யும். ஒருவேளை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நின்று மேடையில் பிய்யும், இன்னொரு இடி, இன்னொரு கோடு, அக்கா அடுத்த ரயிலில் ஒரிசா போய்விடுவாள், அங்கே யாருக்கும் அவள் பாஷை தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடுகிற ஜோக்கை யாரிடம் சொல்வாள். எண்ணெய் என்று இப்போது போய்ச் சொன்னால் நம்புவாளா. நம்புவாள், நம்பிவிட்டு, ஆண்டவர் எண்ணெயைக் கொண்டும் பேசுவார்ட்டி என்பாள்.  தானாக எது நடந்தாலும் அதை அடையாளமாக்கிவிடலாம். பசை விட்டால் அடையாளம், விடாவிட்டால் அடையாளம், மழை, போன், எதுவும். ஆள் வேண்டும். ஒரு ஆள் தன் கையால் செய்ததை அடையாளம் என்று சொல்ல முடியாது, அதுவும் கெசியா என்கிற நான் செய்ததை ஆண்டவர் செய்தார் என்று எங்கள் சபையில் யாரும் சொல்லமாட்டார்கள், அந்த அளவுக்கு எனக்கு இங்கே பேர் இருக்கிறது. இதை யோசித்து முடிப்பதற்கு முன்னாலேயே என் கை சாவிகளைப் பின்பக்கமாகத் திருக ஆரம்பித்துவிட்டது. கம்பிகள் ஒவ்வொன்றாக ஊளையிட்டுக்கொண்டு இறங்குகின்றன. பன்னிரண்டும் இறங்கினால் வீடே ஒரு மாதிரி கீழே போகிற சத்தம். ஹெட்போனில் தடதடவென்று ஏதோ வந்தது. அக்கா நடந்து வருகிறாள், தரையிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து மரத்துக்கு. கழற்றினேன்.

திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெள்ளையாக இருந்தது. "ஏட்டி, ஏன் எறக்குத? பிஞ்சிருச்சா?" அந்தக் கேள்வியில் பயமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ரிசல்ட் வந்துவிட்டதா என்று கேட்கிற குரல். நின்றாலும் சரி, பிய்ந்தாலும் சரி, முடிந்தால் போதும் என்கிற குரல்.

"பியல. நான் பிய்க்கப் போறேன்."

"என்னது?"

"பிரிட்ஜ. நல்லாப் பாத்துக்க. இது என் கை. இது கத்தி." இஸ்திரிப் பெட்டி ஏற்கெனவே சூடாகிக்கொண்டிருந்தது, எப்போது சுவிட்சைப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. தளர்ந்த கம்பிகளையும் வெள்ளைப் பட்டையையும் பிக்கப் பட்டியையும் கழற்றி ஒதுக்கிவிட்டு, ஈரத்துணியை மடித்துப் பிரிட்ஜ் மேல் போட்டு அதன் மேல் பெட்டியை வைத்தேன். புஸ்ஸென்று ஆவி வந்தது.

"லூசாட்டி உனக்கு? நான் ஆண்டவர்கிட்ட கேட்டிருக்கேன்! அவரு பதில் சொல்ல வேண்டாமா?"

"சொல்லுறதுக்குள்ள தங்கச்சி கழட்டிட்டான்னு சொல்லு. ஏம்மேலயே சாட்டு. இப்ப இது பிஞ்சா யாரு பிச்சா? சொல்லு. ஆண்டவரா? கெசியா. பிளஸ் ஒன் கூட முடிக்காத கெசியா."

அறைந்தாள். வலிக்கவில்லை, சாப்பிடாத கை. அறைந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதாள், அழுகைக்குக் கூடச் சத்து இல்லை, விக்கல் மாதிரி வந்தது. எனக்கும் அழுகை வந்தது, ஆனால் பெட்டியைத் துணியோடு மேசை ஓரம் தள்ளிவிட்டுக் கத்தியை உள்ளே விட்டாகிவிட்டது, இடையில் நிறுத்த முடியாது. பட்டையான மெல்லிய கத்தி, அம்மா வெண்ணெய் தடவுவது. பின்விளிம்பில் சுலபமாகப் போனது, நடுவில் ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டது, அங்கே மட்டும் எண்ணெய் போகவில்லை போல. அழுத்தினேன். கிட்டார் மேசையில் வழுக்கிச் சுற்றியது. கத்தி விலகி, மேற்பலகையைக் கிழிக்கப் பார்த்து, ஒரு மயிரிழையில் நின்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடி வழுக்கியது.

"டாப்பக் கிழிச்சிராதட்டி!"

"அப்ப ஆடாமப் பிடி."

பிடிக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.  பிறகு இரண்டு கையும் வந்தன, ஒன்று கழுத்தில், ஒன்று இடுப்பில், கிட்டாரை எப்போதும் எப்படிப் பிடிப்பாளோ அப்படி. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை.

"பிடிச்சிட்டியா?"

"பிடிச்சிருக்கம்லா. நேரா விடு. சாய்க்காத. நாரு எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்து விடு."

பார்த்து விட்டேன். கர்ரென்று ஒரு சத்தம், ஸ்பீக்கர் இல்லாமல், அது எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. பிரிட்ஜ் என் கையில் வந்துவிட்டது. அடியில் நான் போட்ட பசை பால் ஆடை மாதிரி தனியாக உரிந்து தொங்கியது, மரத்தைத் தொடவே இல்லை. மரம் கறுத்து, ஈரமாக, மினுங்கியது. நான் கத்தியைக் கீழே வைத்தேன்.  அக்கா ஒரு விரலை அந்த இடத்தில் வைத்தாள். தேய்த்தாள். கட்டைவிரலோடு சேர்த்து உரசிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். பாஸ்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வாசம் தூக்கத்தில் கூடத் தெரியும். இன்னொரு தடவை மோந்தாள். வாசலையும் மரத்தையும் விரலையும் பார்த்தாள்.  இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் துணி கருக ஆரம்பித்தது, நான் எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

"அப்பா ரொம்ப ஊத்திட்டாவ," என்றாள்.

சிரிப்பதா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை, ஆனால் அந்தக் குரல் முனகுகிற குரலும் இல்லை, ரிசல்ட் கேட்கிற குரலும் இல்லை. குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்வாளே, அது. வெளியே அப்பாவின் வண்டி வந்து நின்றது, அம்மா கேட்டைத் திறக்கிற சத்தம். நான் எழுந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் அடுக்கிக்கொண்டேன், நெற்றி வேறு மரம் வேறு, நெற்றி வேறு மரம் வேறு, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அக்கா என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நீ வாயத் தொறக்காத. நீ பேசினா சண்டையாயிரும். எண்ணெயவும் நான் சொல்லுதேன், ரீகனவும் நான் சொல்லுதேன்."

என் கையிலிருந்து பிரிட்ஜை வாங்கிக்கொண்டாள். துப்பட்டா தலையிலிருந்து நழுவித் தோளில் கிடந்தது, அதை எடுத்துப் போடாமலே வாசலுக்குப் போனாள்.